குடிக்க உள்ளூர், நிறுத்த வெளியூர்

மகனே,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமாக இல்லை என்பது தறிச் சத்தத்தையும் மீறி நம் தெரு முழுக்கக் கேட்கிற செய்தி. நான் நலம் என்றும் எழுத மாட்டேன். நான் கோபமாக இருக்கிறேன். பொங்கல் பானை மாதிரி ஒரு நாள் பொங்கி அடங்குகிற கோபம் இல்லை. பாவு நூல் மாதிரி நீளமாகச் சுற்றி வைத்திருக்கிற கோபம். இன்றைக்குத்தான் தறியில் ஏற்றுகிறேன்.

நாற்பத்தேழு வயது ஆளைப் பதினேழு வயதுப் பெண் 'மகனே' என்று கூப்பிடுவது கொழுப்பு என்று படிக்கிறவர்கள் நினைக்கலாம். கொழுப்புதான். ஆனால் இந்த உத்தியோகத்தை எனக்குக் கொடுத்தவன் நீ. நான் பிறந்ததும் உன்னைப் பெற்றவளின் பெயரையே எனக்கு வைத்தாய். மாமியார் பெயரைச் சொல்லி மருமகள் அதட்ட முடியாது என்பதால் அம்மாவுக்கும் நான் 'ஆத்தா' ஆனேன். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஓர் ஆத்தா பாவாடை கட்டிக்கொண்டு திரிகிறாள். மற்ற அப்பாக்கள் அதைக் கொஞ்சுவதற்காகச் சொல்கிறார்கள். நீ வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாய். உன் செருப்பைக் கழற்றிவிட்டது நான். மோர் கரைத்துக் கொடுத்தது நான். ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று சுருண்டு கிடக்கிற பையனை எழுப்புவதுபோலத் திங்கட்கிழமைகளில் உன்னை உலுக்கி எழுப்பித் தறிப் பட்டறைக்கு அனுப்பியதும் நான். பிள்ளை வளர்த்தாயிற்று, இனி திட்டுகிற உரிமையும் எனக்கு உண்டு. எந்த ஆத்தாவும் மகனை 'நீங்க' போட்டுத் திட்டியதில்லை. அதனால் இந்தக் கடிதம் முழுக்க நீ வெறும் 'நீ'.

பிள்ளை ஊரை விட்டுப் போகும்போதுதான் பெற்றவர்கள் இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நம் வீட்டில் தலைகீழ். ஞாயிற்றுக்கிழமை ஆத்தா கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிறாள், பிள்ளை இங்கேயே இருக்கிறது. என் பயம் அதுதான். குடியை நிறுத்துகிறவர்கள் கூடும் மீட்டிங்குக்கு உன்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க்கொண்டிருந்தவள் நான். நீ அதை நிறுத்திவிட்டாய். குடியை நிறுத்தச் சொன்னால் மீட்டிங்கை நிறுத்தியிருக்கிறாய். அதற்குமேல், 'என்ற ஆத்தா காலேஜ் போறா' என்று சொல்லி சனிக்கிழமை உன் கூட்டாளிகளுக்கு விருந்து, ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொண்டுபோய்விட வாடகைக் கார் என்று இரண்டையும் ஏற்பாடு செய்திருக்கிறாய். அந்த இரண்டும் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. குமாரபாளையத்தில் தறி வைத்திருக்கிறவன், குடிக்கிறவன், பெண்ணைக் காலேஜுக்கு அனுப்புகிறவன் என்று சலித்துப் பார்த்தால் தெருவுக்கு நாலு பேர் தேறுவீர்கள். இந்தக் கடிதம் போன் போனாகச் சுற்றி உன் போனுக்கும் வந்து சேரும். 'எவனோ ஒருத்தன அவன் பொண்ணு கிழிகிழின்னு கிழிச்சிருக்குதுடா' என்று சத்தமாக வாசித்துக் காட்டிச் சிரிப்பாய். சிரி. நீ சிரிப்பை நிறுத்த வேண்டிய இடம் போகப்போக வரும்.

உன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீ அடிக்கிற ரகம் இல்லை. குடித்தால் வீட்டுச் சாமானை உடைப்பவர்கள், அம்மாவை அடிப்பவர்கள், ரோட்டில் நின்று கெட்ட வார்த்தை பேசுபவர்கள் எல்லாம் நம் வரிசையிலேயே இருக்கிறார்கள். நீ சிரிக்க வைக்கிறவன். கல்யாண வீட்டில் நீ வந்தால்தான் பந்தல் களைகட்டும். "உங்கொப்பன் இருந்தா பேச்சு நாயத்துக்குப் பஞ்சமே இல்ல போ" என்று என்னிடம் சொல்லாத ஆள் கிடையாது. நான் பி.காம். சேர்ந்ததும் நீ என்ன சொன்னாய்? "எங்கூட்ல ரெண்டு பேரும் ஒரே படிப்புங்க. அவ பி.காம்., நான் பீர்காம்." பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கும் அந்த வாய்தானே. உன்னிடமிருந்து வந்த சொத்து அது ஒன்றுதான். ஆனால் சிரித்து முடித்த பிறகு யாருமே உன்னிடம் எதையும் கேட்பதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். வாசலில் நாய் வளர்ப்பதுபோல நீ ஜோக் வளர்க்கிறாய். கேள்வியோடு வருகிறவர்களை அது விரட்டிவிடுகிறது. குடித்தனம் என்ற சொல்லில் முதல் பாதியை மட்டும் நீ நடத்தினாய். தறி வைத்திருந்தும் தறிகெட்டுப் போனாய். இதையெல்லாம் எழுத எனக்குச் சிரமமே இல்லை, வரிசையாக வந்து விழுகிறது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

நீ நிறுத்தாமல் இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். வருஷா வருஷம் நிறுத்தியிருக்கிறாய். பழனிக்கு மாலை போட்டால் நிறுத்துவாய், மாலையைக் கழற்றிய கை அப்படியே மூடியைத் திருகும். குடிக்க மாட்டேன் என்று கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளப் போனபோது கூட நானும் வந்தேன். கயிறு கட்டுகிற பூசாரியிடம், "ஏனுஞ்சாமி, பீரும் இதுல சேர்த்தியாங்க?" என்று கேட்டவன் நீ. அவரே சிரித்துவிட்டார். கயிறு மணிக்கட்டில் இருக்கிற வரைக்கும் நீ தங்கம். கெடு முடிந்து அதை அவிழ்க்கிற நாளுக்கு, தீபாவளிக்கு ஜவுளி எடுப்பதுபோல, முன்கூட்டியே சரக்கு வாங்கி வைத்தாய். உனக்கு நிறுத்துவது என்றால் தவணை. கெடு முடிந்தால் தீர்ந்தது கணக்கு என்று சாமியிடமே சொல்லிவிடுகிறாய்.

நானும் என்னால் ஆனதைச் செய்தேன். எனக்குத் தெரிந்தது குறும்பு ஒன்றுதான். ஊடை நூல் சுற்றின தார்க்குச்சி போடுகிற பெட்டிக்கு அடியில் நீ ஒளித்து வைத்திருந்த பாட்டிலைக் கண்டுபிடித்து, ஊற்றிவிட்டு, கட்டன் டீயை ஆற்றி நிரப்பி அதே இடத்தில் வைத்தேன். ஒரு வாய் வைத்ததும் நீ துப்பினாய். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாய். "ஆத்தாடி, என்னையே ஏமாத்திப்புட்டியே" என்று என் தலையைத் தட்டினாய். அன்று சாயந்தரமே அதைக் கடையில் போய் எல்லோருக்கும் சொன்னாய். சொல்வதற்காகப் போன இடத்தில் குடித்தாய். அடுத்த நாள் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "அம்மிணி, சீனி சரியாப் போட்டயா உங்கொப்பனுக்கு?" என்றார். என் கோபத்தைக்கூட நீ ஒரு ஜோக்காக நெய்து ஊரெல்லாம் விற்றுவிட்டாய். அன்றைக்குத்தான் குறும்பு உன்னிடம் செல்லாது என்று தெரிந்தது. குறும்புக்காரனிடம் குறும்பு காட்டுவது, தறிக்காரனுக்குத் துண்டு விற்பது மாதிரி.

அம்மாவோடு ஒரு வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். குடியிலிருந்து வெளியே வர விரும்புகிறவர்கள் கூடிப் பேசுகிற மீட்டிங், கட்டணம் கிடையாது, கீழே ஒரு போன் நம்பர். வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். சின்னப் பெண் என்றால் ஒதுக்கிவிடுவார்கள் என்று, ஊருக்கெல்லாம் போன் போட்டு ஏமாற்றுகிற என் ஆம்பளைக் குரலில் பேசினேன். "ஏனுங்க, இந்தக் குடிய நிறுத்தற மீட்டிங்கு எங்கீங்க நடக்குது? நான் பட்டறைக்காரனுங்க. நமக்குக் கொஞ்சம் பழக்கமுங்க."

"எத்தன வருசமாப் பழக்கமுங்க?" என்றார் அந்தப் பக்கம் பேசியவர்.

"அது கெடக்குதுங்க, இருவது வருசம் இருக்கும்."

"கொரலு நல்லாத்தான் வருது கண்ணு. அப்பனுக்கா, அண்ணனுக்கா?" என்றார்.

போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. "அப்பனுக்குங்க" என்றேன், என் சொந்தக் குரலில். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அட, உங்க ஊர்லயே நடக்குதே அம்மிணி. காவேரிக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல, ஞாயித்துக்கெழம காத்தால. ஆனா உங்கூர்க்காரங்க ஒருத்தரும் அங்க வாரதில்ல. பவானிக்காரங்களும் சங்ககிரிக்காரங்களும்தான் வாராங்க. உங்கூர்க்காரங்க பூராச் சேலம் வந்துர்றாங்க."

"அப்பச் சேலத்துக்காரங்க?"

"அவுங்க நாமக்கல் போறாங்க கண்ணு" என்றார். அவர் சிரிக்கவில்லை. "எங்கியோ ஒரு பக்கம் வந்தாச் செரி."

இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்துச் சொன்னேன். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. சனிக்கிழமைக்கு அடுத்த காலை, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "போலாம் ஆத்தா" என்றாய். உடனே, "உள்ளூர்ல வேண்டாம். நம்ம மானம் என்னாவறது?" என்றாய். மகனே, அந்த ஒரு வாக்கியத்துக்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒயின்ஷாப் எதிரில் வேட்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் கிடந்தபோது உன் மானம் எந்த ஊருக்குப் போயிருந்தது? நான் பத்தாவது படிக்கும்போது ஸ்கூலுக்கு வந்து, ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவரையே 'உள்ள வாங்க' என்றாயே, அது வெளியூரா? விழுவதை ஊரே பார்க்கலாம், எழுவதை மட்டும் ஒருத்தரும் பார்க்கக் கூடாதா? குடிக்க உள்ளூர், நிறுத்த வெளியூர். இதில் நீ மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் சேலம் பஸ்ஸில் போகும்போது எதிரே வருகிற பஸ்களில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஆம்பளைகளைப் பார்ப்பேன். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் கையைக் கட்டிக்கொண்டு. இதில் எத்தனை பேர் உன்னைப் போலவே மானத்துக்கு டிக்கெட் எடுத்துப் போகிறார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக் கடை ஒன்றின் மாடி. மற்ற நாளில் அது டியூஷன் சென்டர். போனில் பேசியவரே படிக்கட்டு அடியில் நின்றிருந்தார். உன்னை மேலே அனுப்பிவிட்டு என்னிடம், "நீ கீழயே இரு கண்ணு. மேல நடக்கறது அப்பனுக்கு. குடிக்கறவங்க ஊட்டாளுங்களுக்குன்னு தனியா ஒரு மீட்டிங்கு இருக்குது, அம்மாளக் கூட்டிட்டு வா" என்றார். அதை அம்மாவிடம் சொன்னபோது, "வயித்துப்போக்கு அந்தாளுக்கு, மாத்திரை எனக்கா?" என்றாள். சரி என்று நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தப் படிக்கட்டில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே, தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூட்டை இறக்குகிறவர்களுக்கு ஞாயிறு கிடையாது. "சரக்கு வருது, நவுருங்க" என்று அவர்கள் கத்தும்போதெல்லாம் மாடியில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

முதல் நாள் இறங்கி வந்த உன் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஆத்தா, அங்க ஒருத்தரும் புத்தி சொல்லலடி" என்றாய், ஏமாந்தவன்போல. மூன்றாவது படிக்கிற பிள்ளைகளின் பெஞ்சில் எல்லோரும் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்களாம், வாத்தியார் மட்டும் இல்லையாம். "இன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இருந்தாப் போதுமுங்கறாங்க. அப்ப நாளைக்குங்கன்னேன். நாளைக்கு வந்தா அதும் இன்னைக்குத்தானுங்கறாங்க. எங்கயும் சந்து விட மாட்டேங்கறானுங்க." அன்று பஸ் ஏறுமுன் தட்டுவடை செட் வாங்கித் தந்தாய். காரம் ஏறி நீ மூக்கை உறிஞ்சினாய். சில ஞாயிறுகள் அப்படிப் போயின. சனிக்கிழமை நீ பட்டறையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தாய். அம்மா உனக்கும் சேர்த்துத் தோசை ஊற்றினாள். நான் எதையும் நம்பிவிடக் கூடாது என்று கவனமாக இருந்தேன். இருந்தும் கொஞ்சம் நம்பிவிட்டேன்.

நீ சிரிப்பை நிறுத்த வேண்டிய இடம் இதுதான்.

தறிக்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது. பகல் முழுக்க அந்தச் சத்தத்தில் நின்று காது பாதி போய், உப்பு கேட்பதைக்கூட ஏலம் போடுவது மாதிரிக் கேட்கிறவர்கள் நாம். அந்த மாடியில் பேசுவது வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கிற கட்டுப்பாடு. மற்றவர்கள் பேசியது எதுவும் கீழே எனக்குக் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் எழுத மாட்டேன். ஆனால் உன் முறை வந்தால் தெருவுக்கே கேட்கும். அன்றைக்கு ஜன்னல் திறந்திருந்தது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் நிமிர்ந்து, "மேல யாருங்க மைக்கு வெச்சுப் பேசறது?" என்றார்.

"கல்யாணப் பேச்சு நடக்குதுங்கண்ணா" என்றேன்.

"பேச்சப் பாத்தா சண்டையாட்டல்ல இருக்குது."

"பொண்ணு ஊட்டுக்காரங்க கொஞ்சம் சத்தமாப் பேசுவாங்க."

அப்போது நீ அந்த ஜோக்கைச் சொன்னாய். பட்டறையில், கல்யாணத்தில், டீக்கடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே ஜோக். "எங்கூட்டுக்காரிக்குக் கணக்கு வராதுங்க. பத்து வரைக்கும் எண்ணச் சொன்னா ஒம்பதரையிலயே நின்னுக்குவா."

கீழே மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். என்ன ஏது என்று தெரியாமலேயே சிரித்தார்கள், நீ சொல்கிற விதம் அப்படி. மேலே ஒரு சத்தமும் வரவில்லை. பெஞ்சு நகர்கிற சத்தம், இருமல், எதுவுமே இல்லை. உன் வாழ்நாளில் அந்த ஜோக்குக்குச் சிரிப்பு வராமல் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நானும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமும் அந்த ஜோக்குக்கு நான் சிரித்திருக்கிறேன். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே சிரித்திருக்கிறேன்.

அந்த அரைக்கு என்ன ஆனது என்பதை நீ யாரிடமும் சொன்னதில்லை, நான் சொல்கிறேன். நம் பட்டறையில் ஒரு மத்தியானம். தறியை நிறுத்திவிட்டு அம்மா குனிந்து அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தாள். நீ ஊற்றிக்கொண்டு வந்திருந்தாய். பின்னால் பூனை மாதிரி வந்து, அவளைத் திடுக்கிட வைக்கலாம் என்று தறியை ஓட விடுகிற கைப்பிடியைத் தள்ளிவிட்டாய். விளையாட்டு. தறி ஓடியது. முன்னும் பின்னும் அடிக்கிற பலகை வந்து வலது கை ஆள்காட்டி விரலின் நுனியை எடுத்துக்கொண்டு போனது. நான் ஆஸ்பத்திரிச் சுவரில் நோட்டீஸ் பார்த்தேன் என்றேனே, அந்த விரலைக் காட்டப் போன நாள்தான் அது. வருஷங்கள் ஆகியும் போய்க்கொண்டிருக்கிறோம். நீ எதற்கு என்று கேட்டதில்லை. பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைத்திருப்பாய்.

மாடியில் அந்த அமைதிக்குப் பிறகு, அன்று போனில் பேசியவர் குரலை உயர்த்தித்தான் கேட்டார், உனக்குக் கேட்க வேண்டுமே. "அந்தம்மாளுக்கு இப்பக் கை எப்படிங்க இருக்குது?" அதட்டல் இல்லை, குத்தல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் விசாரிப்பது மாதிரி.

"அத அவளத்தானுங்க கேக்கோணும்" என்றாய்.

"கேளுங்க. கேட்டுட்டு அடுத்த வாரம் வந்து சொல்லுங்க."

அவ்வளவுதான். நீ இறங்கி வந்தாய். என் முகத்தைப் பார்க்காமல், மேலே கொடுத்த டீயைக் குறை சொல்லி, "டீயாடி இது, இஞ்சியும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றாய். அடுத்த ஞாயிறு பாவு வருகிறது என்றாய். அதற்கடுத்த ஞாயிறு முழங்கால் வலி. அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாய். போன சனிக்கிழமை தார்ப்பெட்டிக்கு அடியில் மறுபடி பாட்டில். நான் டீ ஊற்றி வைக்கவில்லை. எடுத்துத் திண்டின்மேல், நீ உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற இடத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுப் போனேன். வேலைக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாயா?

உனக்கு எது தடை என்று எனக்கு இப்போது தெரியும். உள்ளூர், வெளியூர், டீ, முழங்கால் எல்லாம் சும்மா. அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க உனக்குப் பயம். புயலடிக்கிற குரலை வைத்துக்கொண்டு, ஒரே வீட்டில் படுத்து எழுந்துகொண்டு, 'கை எப்படி இருக்குது' என்று கேட்க உன்னால் முடியவில்லை. அதைவிடக் குடிப்பது உனக்குச் சுலபமாக இருக்கிறது. அம்மாவின் கை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வலிக்குமா வலிக்காதா, எந்தப் பாத்திரத்தை அவளால் எடுக்க முடியாது, ஊசியில் நூல் கோக்க யாரைக் கூப்பிடுகிறாள், எல்லாம் தெரியும். ஒன்றைக்கூட இங்கே எழுத மாட்டேன். எழுதினால் படித்துவிட்டு, கேட்டுவிட்டதாக நீ கணக்கு எழுதிக்கொள்வாய். உனக்கு நான் காப்பி அடிக்கக் கொடுக்க மாட்டேன்.

இதை வெளியே விடுவதற்கு முன் அம்மாவிடம் முழுக்க வாசித்துக் காட்டினேன். வயித்துப்போக்கு இடத்தில், "அத எதுக்குடி எழுதின, சனம் என்ன நெனைக்கும்" என்றாள். விரல் இடத்தில் மொச்சைக்கொட்டையை உரித்துக்கொண்டே இருந்தாள், வலது கையின் நாலு விரலால் அவள் உரிக்கிற வேகத்துக்கு என்னால் பத்து விரலாலும் முடியாது. முடிந்ததும், "எனக்கு வலிக்குதுன்னு எழுதிருக்கியா?" என்றாள்.

"எழுதல. அவரே கேக்கட்டும்."

"கேக்க மாட்டாரு."

"கேட்டா என்ன சொல்லுவ?"

"கேட்டாத்தான தெரியும்" என்றாள். பிறகு, "போடு, போடு. மூஞ்சிக்கு நேராச் சொல்ல முடியாததுதான" என்று எழுந்து போனாள்.

போட்டுவிட்டேன். நம் பட்டறையில் அந்த ஜோக்குக்குச் சிரித்தவர்களுக்கு இது யார் எழுதியது என்று இந்நேரம் தெரிந்திருக்கும். தெரியட்டும். நீ மீட்டிங்குக்குப் போனது ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று என்மேல் கோபப்படு. நான் உன்மேல் படுகிற கோபத்தில் கால்வாசி வந்தால்கூட உனக்கு நல்லது. ஒளிந்துகொள்ள உனக்கு இனி ஊர் இல்லை. சேலம்வரை போக வேண்டிய அவசியமும் இல்லை.

ஆகவே மகனே, ஆத்தாவின் கட்டளை. சனிக்கிழமை விருந்து கிடையாது. கூட்டாளிகளிடம், 'என்ற ஆத்தா வேண்டாம்னுட்டா' என்று சொல். அதற்கு அவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், கூட நீ சிரிக்காதே. காரை வேண்டாம் என்று சொல்லிவிடு. என் பஸ்ஸும் ஞாயிறு காலை, நம் ஊர் மீட்டிங்கும் ஞாயிறு காலை, இரண்டும் ஒரே நேரம். நீ காவேரிக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போ. 'உன்ன உட்டுட்டு வந்து அடுத்த வாரம் போறேன் ஆத்தா' என்று இழுக்காதே, அந்த அடுத்த வாரத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனால் நல்லது. கேட்க முடியவில்லையா, கேட்காமலே போ. 'இன்னும் கேக்கலைங்க' என்று அங்கே சொல். அதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களை உட்கார வைக்கத்தான் அங்கேயும் சின்னப் பெஞ்சுகளைப் போட்டிருக்கிறார்கள். அம்மா என்னோடு கோயம்புத்தூர்வரை வந்துவிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வருவாள். பையை வாங்கி வை. அப்போதும் கேட்க ஒரு வாய்ப்பு இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்கு நீ வரக் கூடாது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டோ, தமாஷ் பேசிக்கொண்டோ, பழம் வாங்கிக்கொண்டோ, எப்படியும் வரக் கூடாது. உன்னை அங்கே பார்த்தால் நான் இறங்கி வந்து, கூட்டத்தின் நடுவே, நம் தறிக்குரலில் திட்டுவேன். பஸ் நகரும்போது ஹாஸ்டலுக்குப் போகிற பெண்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகத் தங்கள் அப்பா நிற்கிற இடத்தைப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். அந்த இடம் காலியாக இருக்க இரண்டு காரணங்கள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஒன்று, நீ பள்ளிக்கூடத்தில் இருக்கிறாய். இன்னொன்று, விருந்து முடிந்து எழுந்திருக்க முடியாமல் வீட்டில் கிடக்கிறாய். எது என்று ஜன்னலிலிருந்து எனக்குத் தெரியாது. இருந்தாலும் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக் கையாட்டுவேன். யாருக்கம்மா டாட்டா காட்டுறே என்று கண்டக்டர் கேட்பார். எங்கப்பாவுக்குங்க, அவர் ஒரு முக்கியமான வேலையாப் போயிருக்கார் என்று சொல்லுவேன்.

அதைப் பொய்யாக்கிவிடாதே.